மாமியின் மெட்டு

கும்பகோணத்தில் ஒருவரை மாமி என்று கூப்பிட்டால் அதற்கு வேறு அர்த்தம். கல்யாணமாகித் திருகோணமலைக்கு வந்த புதிதில் கணவரின் அம்மாவை அத்தை என்றே கூப்பிட்டேன். "மாமி எண்டு சொல்லுங்கோ பிள்ளை" என்றார். பிரெட் பாண் ஆனது, டீ தேத்தண்ணி ஆனது. நம்ம தமிழ்தானே என்று வந்தவள், பாதி நேரம் சும்மா தலையாட்டிச் சமாளித்தேன்.

எங்களைச் சேர்த்து வைத்தது அலமாரியில் இருந்த பொன்னியின் செல்வன். 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வந்த தொடரை மாமியின் அப்பா வாராவாரம் பிரித்தெடுத்து, தைத்து, பைண்ட் செய்திருக்கிறார். குடும்பம் இடம்பெயர்ந்தபோது புத்தகமும் கூடவே போயிருக்கிறது. திரும்பி வந்தது மூன்று பாகம்தான். படகோட்டும் பெண் பூங்குழலி அறிமுகமாகும் இரண்டாம் பாகம் அதில் இருந்தது மாமியின் அதிர்ஷ்டம்.

கச்சான் காற்று ஜன்னலை அடித்துக்கொண்டிருந்த ஒரு ராத்திரி, மணிரத்னத்தின் 2022 படத்தை டீவியில் பார்த்தோம். பூங்குழலியின் படகு, ரஹ்மான் இசை, அந்தரா நந்தியின் குரல். எனக்கு உடம்பு சிலிர்த்தது. கோடிக்கரை எங்கள் பக்கத்துக் கடல். அவள் துடுப்புப் போட்டுக் கடந்ததை நான் விமானத்தில் கடந்து வந்திருக்கிறேன்.

மாமி மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து, "கல்கியிட பாட்டு எங்க?" என்றார்.

உண்மைதான். படத்தில் சிவா ஆனந்த் புதிதாக எழுதியிருக்கிறார். நாவலில் பூங்குழலி பாடுவது "அலைகடலும் ஓய்ந்திருக்க" என்று தொடங்கும். தனியாக, யாருக்காகவும் இல்லாமல் பாடுவாள். அச்சில் மெட்டு ஏது? பதினாலு வயதில் மாமியே ஒன்று போட்டுக்கொண்டாராம். பாடிக் காட்டினார். பாதி கோயில் ஊஞ்சல் பாட்டு, பாதி அவருடையது.

"படப் பாட்டு வடிவாத்தான் இருக்கு. ஆனா அது அவளிட பாட்டில்லை."

நான் விடவில்லை. தில்லானா மோகனாம்பாளை இழுத்தேன். கொத்தமங்கலம் சுப்புவின் தொடரை விகடனில் படித்தவர்களுக்குச் சிக்கல் சண்முகசுந்தரத்தின் நாதஸ்வரம் கேட்டிருக்குமா? 1968இல் படமாக வந்து, மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் வாசித்த பிறகுதானே காதில் விழுந்தது?

"ஓம், நாயனத்தை ஆர் மனசுக்குள்ள வாசிக்கிறது? பாட்டெண்டா நாங்களே பாடலாம்தானே."

இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனாலும் ரஹ்மான் பாட்டு எனக்குப் பிடிக்கும், அதில் மாற்றமில்லை.

இப்போது சொதி வைக்கும்போது இரண்டும் கலந்து வருகிறது. பால் திரையாமல் கிண்டிக்கொண்டே ரஹ்மானில் ஆரம்பிப்பேன். இரண்டாவது வரிக்குள் மாமியின் மெட்டுக்கு நழுவிவிடும். நேற்று விறாந்தையிலிருந்து குரல் வந்தது:

"அந்த இடம் பிழை, பிள்ளை. இன்னும் கொஞ்சம் இழுக்க வேணும்."