ஒரு போலீஸ் கமிஷனரின் பணி வாழ்க்கையைத் தேர்வுக்குப் படிப்பது: ராபர்ட் மார்க்கை எடுத்து எழுதிய அனுபவம்

பிரிட்டனில் குற்றவியல் முதுகலை படித்தபோது எங்களுக்கு ‘காவல்துறை வரலாறும் நிர்வாகமும்’ என்று ஒரு தாள் இருந்தது. புத்தகம் பார்க்காமல் மூன்று மணி நேரம் எழுத வேண்டிய தேர்வு. பழைய வினாத்தாள்களைப் புரட்டினால் ஒரு கேள்வி மட்டும் சொல் மாறி, சாயல் மாறாமல் வந்துகொண்டே இருக்கும்: ஓர் உயர் காவல் அதிகாரியின் பணி வாழ்க்கையை எடுத்துக்கொள்க, அவர் செய்தவற்றில் எவ்வளவு அவருடையது, எவ்வளவு சட்டமும் அமைப்பும் அவருக்குக் கொடுத்தது என்று ஆராய்க. நான் 1970-களில் லண்டன் போலீஸ் கமிஷனராக இருந்த ராபர்ட் மார்க்கை எடுத்து எழுதினேன். திருப்தியான மதிப்பெண் வந்தது. அடுத்து இதே தாளை எழுதப்போகிறவர்கள் எப்படிப் படித்தீர்கள் என்று கேட்பதால், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஆள் தேர்வு. பலரும் லண்டன் பெருநகரக் காவல்துறை தொடங்கிய 1829-க்குப் போய் ராபர்ட் பீலைப் பிடித்துக்கொள்வார்கள். அவர் உள்துறை அமைச்சர், காவல் அதிகாரியே இல்லை; அங்கேயே கேள்வி நழுவிவிடும். இன்னும் சிலர் சமீபத்திய கமிஷனர்களை எடுப்பார்கள். அதில் செய்தித்தாள் நெடி தூக்கலாக இருக்கும், ஆராய்ச்சிக்கு இடம் குறைவு. மார்க்கிடம் உள்ள வசதி என்னவென்றால், அவர் மான்செஸ்டரில் கான்ஸ்டபிளாகத் தொடங்கி, லெஸ்டரில் சீஃப் கான்ஸ்டபிளாகி (அதாவது ஊர்க் காவல்துறையின் தலைவராகி), லண்டனில் கமிஷனராக முடித்தவர். ஒவ்வொரு இடத்திலும் அவருக்கு மேலே இருந்தவர்கள் வேறு. அதனால் ஒரே மனிதரை வைத்துக்கொண்டு வெவ்வேறு அதிகார அமைப்புகளையும் பேசிவிடலாம்.

நம் ஊரிலிருந்து வருகிறவர்கள் ஒரு விஷயத்தை முதலிலேயே மனதில் ஏற்றிக்கொள்வது நல்லது. தமிழ்நாட்டில் காவல்துறைக்குள் போகப் பல வாசல்கள்: இரண்டாம் நிலைக் காவலர், எஸ்.ஐ., டி.எஸ்.பி., ஐ.பி.எஸ். என்று தனித்தனித் தேர்வுகள். சென்னைக் கமிஷனர் லத்தியோடு தெருவில் ரோந்து போனவராக இருக்க வேண்டியதில்லை. பிரிட்டனில் உச்சிப் பதவிகளை விட்டுவிட்டால், நெடுங்காலமாக வாசல் ஒன்றுதான். மற்ற எல்லோரும் கான்ஸ்டபிளாகத்தான் நுழைய வேண்டும், பிறகு சார்ஜென்ட், இன்ஸ்பெக்டர் என்று ஏற வேண்டும். அன்றைய லண்டன் கமிஷனர் டிரென்சர்டு பிரபு 1934-ல் லண்டனின் ஹென்டனில் ஒரு கல்லூரி தொடங்கி மேல்தட்டு அதிகாரிகளைத் தனியாக உருவாக்கப் பார்த்தார்; அது 1939-ஐத் தாண்டவில்லை. 2014-ல் மறுபடி நேரடி நியமனத்தைக் கொண்டுவந்தார்கள், அதுவும் நிலைக்கவில்லை. இந்தப் பின்னணி தெரியாமல் ‘கான்ஸ்டபிளாக இருந்து கமிஷனரானார்’ என்று வியந்து எழுதினால் பரிசோதகர் உதட்டைப் பிதுக்குவார். அங்கே கான்ஸ்டபிளாக நுழைவதுதான் வழக்கமான பாதை; கமிஷனர் பதவிக்குத்தான் முன்பு ராணுவம் போன்ற வெளியிடங்களிலிருந்தும் ஆட்களை எடுத்தார்கள்.

சரி, படித்த முறைக்கு வருவோம். ஒரு பெரிய தாளில் நான்கு பத்தி கோடு போட்டேன்: ஆண்டு, பதவி, யார் நியமித்தது, யாருக்குப் பதில் சொல்ல வேண்டும். முதல் இரண்டும் எந்த இரங்கல் குறிப்பிலும் கிடைக்கும். அடுத்த இரண்டை நிரப்பத்தான் நூலகத்தில் உட்கார வேண்டியிருந்தது. மதிப்பெண்ணும் அங்கேதான் இருக்கிறது.

தொடக்கத்தைச் சுருக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். 1917-ல் மான்செஸ்டரில் பிறந்தார், ஒரு கம்பளக் கம்பெனியில் வேலை பார்த்தார், 1937-ல் மான்செஸ்டர் நகரக் காவல்துறையில் சேர்ந்தார், போர்க்காலத்தில் ராணுவத்துக்குப் போய் மேஜராகி 1947-ல் திரும்பினார். பதிலில் இதற்கு இரண்டு வரி போதும்.

லெஸ்டருக்கு அப்படி இல்லை. 1957 ஜனவரியில், 39 வயதில், அந்த நகரத்தின் சீஃப் கான்ஸ்டபிள் ஆகிறார். அன்றைய நகரக் காவல்துறைகளை நகரசபையின் ‘வாட்ச் கமிட்டி’ நடத்தியது. சீஃப் கான்ஸ்டபிளை நியமிப்பதும் நீக்குவதும் கவுன்சிலர்கள் கையில். அப்படியென்றால் ஒரு கவுன்சிலரையே விசாரிக்க வேண்டி வந்தால்? 1959-ல் பக்கத்து நகரமான நாட்டிங்காமில் அதுதான் நடந்தது. அங்கே சீஃப் கான்ஸ்டபிளாக இருந்த பாப்கெஸ், நகரசபையோடு தொடர்புள்ள விசாரணை பற்றிக் கமிட்டிக்கு அறிக்கை தர மறுத்தார். கமிட்டி அவரை இடைநீக்கம் செய்தது. உள்துறை அமைச்சர் பட்லர் தலையிட்டு மறுபடி பதவியில் உட்கார வைத்தார். இதுவும் வேறு சில சச்சரவுகளும் சேர்ந்துதான் 1960-ல் அரச ஆணையம் அமைந்தது. அதிலிருந்து 1964-ன் காவல் சட்டம் வந்தது. வாட்ச் கமிட்டிகள் போய், காவல் ஆணையக் குழுக்கள் வந்தன. அதற்குப் பிறகு சின்னச் சின்னப் படைகளை இணைத்து 117-ஐ 49 ஆக்கும் திட்டம். 1967-ல் லெஸ்டர் நகரக் காவல்துறையும் பெரிய படை ஒன்றில் கரைந்தது. மார்க் அந்த ஆண்டே லண்டனுக்குப் போய்விட்டார்.

பாப்கெஸ் விவகாரத்தை மார்க் பற்றிய பதிலில் எதற்கு நுழைக்க வேண்டும் என்று என்னோடு படித்த ஒருவர் கேட்டார். மார்க் எந்த உலகத்தில் சீஃப் கான்ஸ்டபிளாக இருந்தார் என்பதை இதைவிடச் சுருக்கமாகக் காட்ட முடியாது என்பதுதான் என் பதில்.

லண்டன் வேறு உலகம். ‘மெட்’ என்று எல்லோரும் சொல்லும் பெருநகரக் காவல்துறைக்கு 2000 வரை உள்துறை அமைச்சர்தான் நேரடி மேலிடம். நகரசபைக்கு அங்கே வேலையில்லை. ராய் ஜென்கின்ஸ் உள்துறை அமைச்சராக இருந்தபோது வெளியூர்க்காரரான மார்க்கை அங்கே உதவிக் கமிஷனராகக் கொண்டுவந்தார். 1968-ல் துணைக் கமிஷனர், அங்கே அது கமிஷனருக்கு அடுத்த இடம். உள்ளே இருந்தவர்களுக்கு அவர் வரவு பிடிக்கவில்லை. பதவி பெரியது, ஆனால் துப்பறியும் பிரிவான சி.ஐ.டி. பக்கம் கை நீட்ட முடியாது. துப்பறிவாளர்கள் மீது கிரிமினல் புகார் வந்தால் துப்பறிவாளர்களே விசாரித்துக்கொள்வது வழக்கம்.

அந்த வழக்கம் எப்படி வேலை செய்தது என்பதற்கு ஓர் உதாரணத்தைக் கட்டாயம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 1969 நவம்பரில் ‘தி டைம்ஸ்’ பத்திரிகை, மெட் துப்பறிவாளர்கள் குற்றவாளிகளிடம் பணம் கேட்பதை ஒலிநாடாவில் பதிவு செய்து வெளியிட்டது. பெரிய அவமானம். விசாரணைக்குக் குழு போட்டார்கள். அதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் பில் மூடி. இந்த மூடிதான் ஆபாசப் பிரசுரத் தடுப்புப் பிரிவை நடத்தியபடியே லண்டன் சோஹோ பகுதியின் ஆபாசக் கடைக்காரர்களிடம் மாமூல் வாங்கிக்கொண்டிருந்தவர். 1977-ல் அவருக்கு 12 ஆண்டு சிறை கிடைத்தது. வேலியே பயிரை மேய்ந்த கதை. வெளியிலிருந்து மேற்பார்வைக்கு அனுப்பப்பட்ட பிராங்க் வில்லியம்சன் என்ற, காவல்துறைகளை ஆய்வு செய்யும் அரசு அதிகாரி, ஒத்துழைப்பே கிடைக்காமல் வெறுத்துப்போய்ப் பணியிலிருந்து விலகினார். தேர்வில் இந்த ஒரு சம்பவத்தை எட்டு பத்து வரியில் எழுதினேன். ‘உட்பண்பாடு’, ‘நிறுவன எதிர்ப்பு’ என்று கோட்பாட்டுச் சொற்களை அடுக்குவதைவிட இது பேசும்.

1972 ஏப்ரல் 17 அன்று மார்க் கமிஷனர் ஆகிறார். இப்போது அதிகாரம் இருக்கிறது. அதே ஆண்டு ‘ஏ10’ என்று ஒரு பிரிவைத் தொடங்கினார்: சீருடைக்காரர்களும் துப்பறிவாளர்களும் கலந்த குழு, காவலர்கள் மீதான புகார்களை எல்லாம் அதுதான் பார்க்கும், சி.ஐ.டி. தன்னைத் தானே விசாரிக்கும் பழக்கத்துக்கு முற்றுப்புள்ளி. அதோடு பகுதி நிலையங்களில் இருந்த துப்பறிவாளர்களைச் சீருடைத் தளபதிகளின் கீழ் வைத்தார். இரு பக்கமும் ஆட்களை மாற்றிப் போட்டார். தேவைப்பட்டால் சி.ஐ.டி. முழுவதையும் சீருடைக்கு அனுப்பிவிட்டுப் புதிதாகத் தொடங்குவேன் என்று அவர்களின் பிரதிநிதிகளிடம் முகத்துக்கு நேரே சொன்னார். இதையெல்லாம் கான்ஸ்டபிளாக இருந்து அனுபவித்தவர் சொன்னதால் எடுபட்டது என்று ஒரு கட்சி. உள்துறை அமைச்சரின் ஆதரவும் ‘தி டைம்ஸ்’ கிளப்பிய அவமானமும் இல்லாவிட்டால் யார் சொல்லியும் எடுபட்டிருக்காது என்று இன்னொரு கட்சி. நான் இரண்டாவது பக்கம் சாய்ந்து எழுதினேன், இப்போதும் அதே எண்ணம்தான். வில்லியம்சனிடமும் நேர்மை இருந்தது, அதிகாரம்தான் இல்லை.

ஒரு எண்ணைப் பற்றி எச்சரிக்கை. மார்க் காலத்தில் 478 பேர் படையை விட்டுப் போனார்கள் என்பதை எல்லாப் புத்தகமும் சொல்லும். அதை ‘478 ஊழல் போலீஸ்காரர்கள்’ என்று எழுதிவிடாதீர்கள். விசாரணைக்குப் பிறகு போனவர்களும், விசாரணை வரும் என்று தெரிந்து முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டவர்களும் சேர்ந்த எண் அது. வழக்குக்குப் போனது கொஞ்சம் பேர்தான். எண்ணைச் சொல்லி, அது எதை அளக்கவில்லை என்றும் ஒரு வரி சேர்த்தால் தனி மரியாதை. 1978-ல் லண்டன் போலீஸ் ஊழலைத் தோண்ட ‘ஆபரேஷன் கன்ட்ரிமேன்’ என்று இன்னொரு விசாரணை வந்ததையும் பக்கத்தில் வையுங்கள். ஊழல் ஒழிந்தது என்று முடிக்க முடியாது.

1975-ன் இரண்டு முற்றுகைகள், அதாவது ஸ்பகெட்டி ஹவுஸ் உணவகமும் பால்கோம் தெருவும், படிக்கச் சுவாரசியமானவை. ஒவ்வொன்றும் சுமார் ஆறு நாள் நீடித்தது. போலீஸ் பொறுமையாகக் காத்திருந்தது, பணயக் கைதிகள் உயிரோடு வந்தார்கள். ஆனால் நம் கேள்விக்கு ஒரு வாக்கியத்துக்கு மேல் இதில் சரக்கு இல்லை. ஓய்வுக்குப் பிறகு டயர் விளம்பரத்தில் நடித்தாரே, அதுவும் அப்படித்தான். எழுத ஆசை வரும், எழுதாதீர்கள்.

விமர்சனப் பகுதிக்குத்தான் நான் அதிகம் மெனக்கெட்டேன். 1973-ல் மார்க் பி.பி.சி.யில் டிம்பிள்பி சொற்பொழிவு ஆற்றினார். தேர்ந்த குற்றவாளிகள் நீதிமன்றத்திலிருந்து சுலபமாகத் தப்புகிறார்கள், சில வழக்கறிஞர்கள் அதற்குத் துணை போகிறார்கள் என்பது அவர் வாதம். சட்டப் பேராசிரியர் மைக்கேல் சேண்டர், வழக்குத் தரவுகளை எடுத்துவைத்து இதை மறுத்தார். இந்த விவாதம் பாடக்குறிப்பில் எல்லோருக்கும் கிடைக்கும். நான் அதற்குப் பக்கத்தில் கான்ஃபைட் வழக்கை வைத்தேன். மேக்ஸ்வெல் கான்ஃபைட் என்பவர் தெற்கு லண்டனின் கேட்ஃபோர்டில் கொலையுண்டு கிடந்தது 1972 ஏப்ரல் 22. மார்க் பதவியேற்று ஐந்தே நாள். மூன்று சிறுவர்கள் போலீஸ் விசாரணையில் ‘ஒப்புக்கொண்டார்கள்’, தண்டனையும் பெற்றார்கள். 1975-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பை ரத்து செய்தது. அதைப் பற்றிய ஃபிஷர் அறிக்கை 1977-ல் வந்தது, அடுத்து அரச ஆணையம், முடிவில் 1984-ன் காவல் மற்றும் குற்றச் சாட்சியச் சட்டம். குற்றவாளிகள் தப்புகிறார்கள் என்று கமிஷனர் தொலைக்காட்சியில் பேசியபோது, அவருடைய படை விசாரித்த சிறுவர்கள் செய்யாத குற்றத்துக்காக உள்ளே இருந்தார்கள்.

அடுத்தது புகார் வாரியம். 1976-ன் காவல் சட்டம், போலீஸ் மீதான புகார்களைப் பரிசீலிக்க வெளியார் அடங்கிய வாரியத்தை உருவாக்கியது. மார்க் கடுமையாக எதிர்த்தார், 1977-ல் பதவியை விட்டு வெளியேறினார். உள்ளே அவ்வளவு சுத்தம் செய்தவர் வெளியாரை ஏன் விடவில்லை? தன் ஒழுங்கு அதிகாரத்தை அது பலவீனமாக்கும் என்பது அவர் நிலை. அவர் வளர்ந்த மரபில் சீஃப் கான்ஸ்டபிளின் சுதந்திரம் என்பது கவுன்சிலர்களிடமிருந்து காப்பாற்றிக்கொள்ள வேண்டிய ஒன்று. லெஸ்டர் காலத்தை நன்றாகப் படித்திருந்தால் இந்த முடிச்சு தானாக அவிழும். அந்த வாரியம் 1985-லும் 2004-லும் 2018-லும் உருமாறி இன்றைய ‘காவல் நடத்தைக்கான சுதந்திர அலுவலகம்’ ஆனதைப் பதிலில் ஒரு வரியில் தொட்டுவிடலாம்.

எங்கே படிப்பது? 1978-ல் வந்த அவருடைய சுயசரிதையை முதலில் படியுங்கள், கடைசியில் நம்புங்கள். தன்னைப் பற்றித் தானே எழுதும் யாரையும் அப்படித்தான் படிக்க வேண்டும். நாடாளுமன்ற விவாதங்கள் இணையத்தில் இலவசம். 1976 மசோதா விவாதத்தைப் பொறுமையாகப் படித்தால், எதிர்த்தரப்பு வாதம் அவர்கள் வாயாலேயே கிடைக்கும்.

தேர்வறையில் முதல் பத்தியிலேயே உங்கள் முடிவைச் சொல்லிவிடுங்கள். பிறந்த ஊரில் தொடங்காதீர்கள். கையில் உள்ள நேரத்தில் பாதியை 1967 முதல் 1977 வரைக்கு ஒதுக்குங்கள். மீதியில் லெஸ்டருக்குப் பெரும்பங்கு கொடுத்தால் பதில் மற்றவர்களுடையதிலிருந்து விலகித் தெரியும்.

அப்புறம், இரண்டாவதாக ஒரு பெயரைத் தயாராக வைத்திருங்கள். சில ஆண்டுகளில் கேள்வி ‘2000-க்குப் பிறகு’ என்று கட்டுப்படுத்தி வந்திருக்கிறது. அதற்கு மெட் கமிஷனர்களாக இருந்த இயன் பிளேரையும் கிரெசிடா டிக்கையும் சேர்த்துப் படிக்கலாம். மெட் கமிஷனரை இன்றும் உள்துறை அமைச்சரின் பரிந்துரையில்தான் நியமிக்கிறார்கள். ஆனால் 2008-ல் லண்டன் மேயர் போரிஸ் ஜான்சனின் நம்பிக்கையை இழந்த பிளேரும், 2022-ல் மேயர் சாதிக் கானின் நம்பிக்கையை இழந்த டிக்கும் பதவி விலகினார்கள். நான்கு பத்தித் தாளில் ‘யாருக்குப் பதில் சொல்ல வேண்டும்’ என்ற பத்தியில் இவர்கள் இருவருக்கும் இரண்டு பெயர்கள் எழுத வேண்டியிருக்கும். பதிலை அங்கிருந்தே தொடங்கலாம்.