அப்பாவின் ஐசியூ நாட்களும் எங்கள் குடும்ப டாக்டரும்

சொந்தத்தில் யாரையாவது ஐசியூவில் சேர்த்திருக்கிறார்கள் என்று போன் வந்தால், நான் முதலில் கேட்பது, "உங்க குடும்ப டாக்டர்கிட்ட சொல்லிட்டீங்களா?" என்பதுதான். "அவர் கிளினிக் வச்சிருக்கிறவர், அவருக்கு இதுல என்ன தெரியப்போகுது?" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். அப்பா விஷயத்தில் எங்களைக் கரை சேர்த்தது அந்தக் கிளினிக் டாக்டர்தான். இப்போது அதே வாசலில் நிற்கிறவர்களுக்கு உதவும் என்று நடந்ததை எழுதி வைக்கிறேன்.

அப்பா மின்வாரியத்தில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். நாங்கள் கும்பகோணம் பக்கம். எண்பதை நெருங்கும்போது இதயம் ரொம்பவே தளர்ந்துவிட்டது. எக்கோ ஸ்கேனில், ஒரு துடிப்புக்கு இதயம் எவ்வளவு ரத்தத்தை வெளியே தள்ளுகிறது என்று காட்டும் இஎஃப் 25 சதவீதம் என்று வந்தது. நல்ல இதயத்துக்கு அது 55க்கு மேல் இருக்க வேண்டும். சிறுநீரகமும் பழுதாகிக்கொண்டே வந்தது. மூன்று தலையணை வைத்துச் சாய்ந்தபடிதான் தூங்குவார். அந்த நிலையில் நிமோனியாவும் சேர்ந்துகொள்ள, தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். அன்று இரவே மூச்சு மோசமாகி வென்டிலேட்டர் போட்டார்கள்.

அதன் பிறகு தினமும் மதியம் கொஞ்ச நேரம் டாக்டர்களைப் பார்க்கலாம். சிறுநீரக டாக்டர், சிறுநீரகம் எவ்வளவு பழுது என்று காட்டுகிற கிரியாட்டினின் ஏறியிருப்பதைச் சொல்வார். இதய டாக்டர், "ஹார்ட் அப்படியேதான் இருக்கு" என்பார். நுரையீரல் டாக்டர் எக்ஸ்ரே கொஞ்சம் தெளிந்திருப்பதாகச் சொல்வார். ஒவ்வொருவர் சொன்னதும் சரிதான். ஆனால் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் அப்பா எந்த இடத்தில் இருக்கிறார், பிழைத்தால் எப்படி இருப்பார் என்று சொல்ல அங்கே ஆள் இல்லை. அம்மாவோ தினமும் அதை மட்டும்தான் கேட்டாள்.

நாட்கள் போயின. ஒரு மதியம் இரண்டு படிவங்களை நீட்டினார்கள். ஒன்று டயாலிசிஸுக்கு, இன்னொன்று கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைக்கிற டிரக்கியாஸ்டமிக்கு. "விருப்பம் இல்லைன்னா உங்க சொந்தப் பொறுப்புல கூட்டிட்டுப் போறோம்னு எழுதிக் கொடுத்துடுங்க" என்றார்கள். அண்ணன் அபுதாபியில். போனில், "எல்லாத்தையும் பண்ணச் சொல்லு, பணம் நான் அனுப்புறேன்" என்றான். அம்மா பேசவே இல்லை. படிவங்கள் என் கையில் இருந்தன.

குடும்ப டாக்டருக்கு போன் செய்தேன். "இன்னைக்கு எதுலயும் கையெழுத்து போட வேண்டாம்மா. சொந்தப் பொறுப்புல கூட்டிட்டுப் போறதுல மட்டும் போடவே போடாதே. வழியில ஆம்புலன்ஸ்லயே அப்பா மூச்சுக்குத் தவிப்பார், தவிப்பு அடங்க மருந்து எழுதித் தரக்கூட ஆள் இருக்காது" என்றார். வீட்டுக்குக் கொண்டுபோவதே தப்பு என்று அவர் சொல்லவில்லை. ஏற்பாடு இல்லாமல் கொண்டுபோகக் கூடாது என்றார். சாயங்கால கிளினிக்கை மூடிவிட்டுக் கிளம்பி வந்தார்.

வரும்போது அப்பாவின் நோட்டையும் எடுத்துவந்தார். அட்டை நைந்துபோன நீளமான கணக்கு நோட்டு. இருபது வருடத்துக்கும் மேலாக அப்பாவின் எடை, பிரஷர், சர்க்கரை, மாற்றிய மாத்திரைகள் எல்லாம் நீல மையில் வரிசையாக இருந்தன. அதில் ஒரு பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். சித்தப்பா வென்டிலேட்டரில் கிடந்து இறந்துபோன மாதத்தின் தேதி. கிரியாட்டினின் அளவுக்குக் கீழே, "தம்பி மாதிரி குழாய் போட்டு இழுத்தடிக்க வேண்டாம் என்கிறார். தெளிவாகச் சொன்னார்" என்று எழுதியிருந்தது. எங்களிடம் அப்பா அதைச் சொன்னதே இல்லை. நாங்கள் பயந்துவிடுவோம் என்று நினைத்திருப்பார்.

ஐசியூ தலைமை டாக்டருடன் பேச்சு சுமுகமாகத் தொடங்கவில்லை. "சார், நீங்க எந்த ஹாஸ்பிடல்?" என்று கேட்டார். விசிட்டர் பாஸோடு நின்ற எங்கள் டாக்டர், தான் யார் என்று சொல்லிவிட்டு, "உங்க சிகிச்சையில குறுக்கிட நான் வரலை. இவரை எனக்கு ரொம்ப வருஷமாத் தெரியும், அதைச் சொல்ல வந்தேன்" என்றார். பிறகு கேட்க ஆரம்பித்தார். பிரஷரைத் தூக்கிப் பிடிக்கிற நோரட்ரினலின் அளவு ஏறுகிறதா, இறங்குகிறதா? மயக்க மருந்தை நிறுத்தியபோது கண் திறந்தாரா? டயாலிசிஸ் செய்தால் சிறுநீரகம் மீளுமா, இல்லை கடைசிவரை அதிலேயே இருக்க வேண்டுமா? எல்லாம் நல்லபடியாகப் போனாலும், எழுந்து பாத்ரூம் வரை நடப்பாரா? கடைசிக் கேள்விக்கு அந்த டாக்டர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "இல்லை சார்" என்றார். அத்தனை நாளில் எங்களுக்குக் கிடைத்த முதல் நேரான பதில் அது.

இரண்டு பேரும் சேர்ந்து ஒரு ஏற்பாட்டுக்கு வந்தார்கள். மூன்று நாள் டயாலிசிஸ் செய்து பார்ப்பது. பிரஷர் மருந்து குறைந்து, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு நினைவு வந்தால் மேலே போவது. வராவிட்டால் டிரக்கியாஸ்டமி வேண்டாம், உட்கார்ந்து பேசுவது. எதைப் பார்த்து எந்த முடிவு என்று முன்னாலேயே பேசிவைத்ததால், அந்த நாட்களில் எங்களுக்குள் சண்டை வரவில்லை. ஐசியூவில் இருப்பவர்களின் குடும்பங்கள் இதை அவசியம் கேட்டு வாங்க வேண்டும்.

மூன்று நாளிலும் முன்னேற்றம் இல்லை. பிரஷர் மருந்து ஏறத்தான் செய்தது. வென்டிலேட்டரை விலக்குவது பற்றிப் பேச்சு வந்தது.

அண்ணன் கேட்டான்: "காசுக்காகப் பார்த்து நிறுத்திட்டாங்கன்னு ஊர் பேசாதா? இது கருணைக்கொலை இல்லையா?" வீடியோ காலில் டாக்டரே அவனிடம் பேசினார். "ஊசி போட்டு உயிரை எடுக்கிறது குற்றம், அதை யாரும் செய்யப் போறதில்லை. நோயைத் திருப்ப முடியாதுன்னு தெரிஞ்ச பிறகு மெஷினை விலக்குறது வேற. அதுக்குச் சட்டத்துலயே வழி இருக்கு. தம்பி, நீ என்ன ஆசைப்படுறேன்னு நான் கேக்கலை. உங்க அப்பா இப்போ பேச முடிஞ்சா என்ன சொல்வாருன்னு மட்டும் யோசி" என்று சொல்லிவிட்டு, நோட்டின் பக்கத்தை கேமராவுக்கு நேராகப் பிடித்தார். அண்ணன் அழுதுவிட்டான். மறுநாள் விமானத்தில் வந்து சேர்ந்தான்.

மருத்துவமனை நிர்வாகம் முதலில், "இதெல்லாம் லீகல் பிரச்சினை" என்று ஒதுங்கியது. உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9இல் கண்ணியத்தோடு இறப்பதும், உயிர் வாழும் உரிமையைத் தரும் அரசியலமைப்பின் 21ஆவது பிரிவில் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. அதில் சொன்ன வழிமுறை நடைமுறைக்கு ஒத்துவரவில்லை என்பதால் 2023 ஜனவரி 24இல் எளிதாக்கியது. அந்த உத்தரவின் நகலை எங்கள் டாக்டர்தான் நிர்வாகத்திடம் கொடுத்தார். அதன்படி, சிகிச்சை தரும் டாக்டரும் குறைந்தது ஐந்து வருட அனுபவமுள்ள இரண்டு நிபுணர்களும் கொண்ட முதல் குழு நோயாளியைப் பார்க்க வேண்டும். அவர்கள் ஒப்புக்கொண்டு, குடும்பமும் சம்மதித்தால் இரண்டாவது குழு. அதில் மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிக்கும் ஒருவரும், முதல் குழுவில் இல்லாத இரண்டு நிபுணர்களும் இருப்பார்கள். ஒவ்வொரு குழுவும் கூடுமானவரை 48 மணி நேரத்துக்குள் கருத்துச் சொல்ல வேண்டும். முடிவைச் செயல்படுத்தும் முன் மாஜிஸ்திரேட்டுக்கு மருத்துவமனை தகவல் தர வேண்டும். 2018இல் சொன்னதுபோல மாஜிஸ்திரேட் நேரில் வந்து பார்க்க வேண்டியதில்லை.

வெளியிலிருந்து வரவேண்டியவருக்காகக் காத்திருந்ததுதான் அதிலேயே கஷ்டமான பகுதி. நான் தினமும் நிர்வாக அலுவலகத்துக்குப் போய் நின்றேன். குழுவில் குடும்ப டாக்டருக்கு இடம் கிடையாது. அவர் கேட்கவும் இல்லை. ஆனால் நோட்டின் நகலை முதல் குழு கேட்டு வாங்கிக் கோப்பில் வைத்துக்கொண்டது.

இரண்டு குழுக்களும் ஒத்துக்கொண்டன. மூச்சுத் தவிப்பு வராமல் இருக்க முதலில் மார்பின் கொடுத்தார்கள். பிறகுதான் குழாயை எடுத்தார்கள். அப்பாவைத் தனி அறைக்கு மாற்றி, எங்கள் எல்லோரையும் உள்ளே விட்டார்கள். அம்மா பஞ்சைத் தண்ணீரில் நனைத்து உதட்டில் ஒற்றிக்கொண்டே இருந்தாள். மறுநாள் மதியம் தவிப்பில்லாமல் போனார்.

இந்தப் பாரத்தை எங்கள் குடும்ப டாக்டர் தன் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. "முடிவு உங்களோடதுதான்" என்று கடைசிவரை சொன்னார். ஆனால் "நான்தான் அப்பாவை முடிச்சிட்டேனோ" என்ற எண்ணம் எங்களில் ஒருவருக்கும் வராததற்கு அவர்தான் காரணம். ஸ்பெஷலிஸ்ட் போதும் என்று குடும்ப டாக்டரையே விட்டுவிடுகிறோமே, அது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. அப்பாவின் உடம்பையும் மனசையும் சேர்த்துத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

காரியமெல்லாம் முடிந்து சில மாதம் கழித்து, இப்படி ஒரு நிலை வந்தால் தனக்கு எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும் என்று அம்மாவே சொன்னாள். லிவிங் வில் என்று கேட்டால் வக்கீல்களுக்குத் தெரியும். சுயநினைவோடு இருக்கும் பெரியவர் யாரும் எழுதலாம். இரண்டு சாட்சிகள் முன்னால் கையெழுத்துப் போட்டு, நோட்டரியிடமோ கெசட்டட் அதிகாரியிடமோ சான்று வாங்கினால் போதும். தன் சார்பில் முடிவெடுக்க ஒருவருக்கு மேலும் பெயர் குறிப்பிடலாம். அம்மா என் பெயரையும் அண்ணன் பெயரையும் எழுதினாள். குடும்ப டாக்டர் இருந்தால் அவருக்கும் ஒரு நகல் தர வேண்டும் என்று நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. போன வெள்ளிக்கிழமை பிரஷர் பார்க்கப் போனபோது அம்மா அதைக் கொடுத்தாள். டாக்டர் முழுதும் படித்துவிட்டு, டயாலிசிஸ் பற்றி எழுதியிருந்த இடத்தில் இரண்டு கேள்வி கேட்டுத் தெளிவாக்கிக்கொண்டு, அம்மாவின் நோட்டில் வைத்துப் பின் அடித்தார்.