பேசக்கூடாத நாட்கள்: ஆனி, ஆடி குறிப்புகள்

ஜூலை 4

பத்து நாள் பேசக்கூடாது. கிசுகிசுக்கவும் கூடாதாம், அது குரல்நாணுக்கு இன்னும் சிரமமாம். தொண்டையில் ஒரு துணுக்கை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

வீட்டுக்காரி பேத்தியின் பழைய சிலேட்டைத் துடைத்துக் கொடுத்தாள். அதில் நான் முதலில் எழுதியது, "ஞாயிறு சோமனூர்." பார்த்துவிட்டு, "ஏனுங்க, இப்பவும் உங்களுக்கு அந்த நெனப்புதானா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே போய்விட்டாள். அழுதிருப்பாள்.

ஜூலை 5

காற்று இந்த வாரம்தான் வலுத்திருக்கிறது. மொட்டை மாடியில் நின்றால் வேட்டியைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சோமனூருக்கு எனக்குப் பதிலாகச் சூலூர்ப் பொண்ணு போகிறாள். மின்னியல் படித்தவள், பம்ப் கம்பெனியில் வேலை, நான் சோலார், காற்றாலை பற்றிப் பேசும் ஊர்க் கூட்டங்களுக்கு இரண்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடு வருகிறாள். படம் காட்டுவதும் மீட்டர் வைத்து அளந்து காட்டுவதும் அவள். பேசியதெல்லாம் நான். அவளுக்காக இன்று முழுக்க உட்கார்ந்து என் பேச்சை எழுதினேன். ஆறு வருஷமாகப் பேசியது, எழுதினால் ஒன்பது பக்கம்தான் வருகிறது.

பாலக்காட்டுக் கணவாயில் ஆரம்பித்தேன். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே சுமார் 30 கிலோமீட்டர் சந்து. பெரும்பாலான இடங்களில் மலையில் முட்டிக்கொள்ளும் தென்மேற்குக் காற்று இங்கே நுழைந்து பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம், தாராபுரம் வரை ஓடி வரும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலிருக்கும் சக்தி எட்டு மடங்கு. கூட்டத்தில் இதைச் சொன்னதும் எங்காவது ஒருத்தர் நிமிர்ந்து உட்காருவார். அந்த முகத்துக்காகவே எத்தனை ஊர் வேண்டுமானாலும் போகலாம். ஆடியில் மேகம் மூடிச் சோலார் தகட்டில் உற்பத்தி குறையும்போதுதான் காற்றாலை முழு வீச்சில் சுற்றும். மாசியில் காற்று படுத்துக்கொள்ளும், வெயில் வந்துவிடும். நம் சீமைக்கு இரண்டும் முறை வைத்துக் கிடைக்கிறது.

அப்புறம் விசிறி. பழையது 75 வாட், பிஎல்டிசி என்கிற புது வகை விசிறி சுமார் 30 வாட். தினம் பத்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் ஒரு விசிறிக்கு 27 யூனிட் மிச்சம். தகடு வைக்கும் முன் விசிறியை மாற்றுங்கள். இதற்கு அடிக்கோடு போட்டேன்.

ஏழாம் பக்கத்தில், தகட்டு மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றதாக மாற்றும் இன்வெர்ட்டர் வந்ததும் கொஞ்ச நேரம் பேனாவை வைத்துவிட்டேன்.

ஜூலை 6

சோமனூர்ப் பேச்சைப் பதிவு செய்து அனுப்பியிருந்தாள். மூன்று தடவை கேட்டேன். முதல் தடவை கோபம் வந்தது.

இரண்டு தறி ஓட்டும் ஒருவர் எழுந்து, "எனக்கு எத்தனை கிலோவாட் போடலாம் அம்மிணி?" என்று கேட்டிருக்கிறார். அவள் மின் கட்டண அட்டையை வாங்கிப் பார்த்திருக்கிறாள். இரண்டு மாதத்துக்கு 1100 யூனிட் சொச்சம். "விசைத்தறிக்கு 1000 யூனிட் இலவசங்கண்ணா. மேல வர்ற நூத்திச் சொச்சத்துக்குத்தான் காசு கட்டறீங்க. தறிக்கூடத்துக்குச் சோலார் இப்ப வேண்டாங்க. போட்ட காசு திரும்பி வர ரொம்ப வருசம் ஆகும்."

வேண்டாம் என்று சொல்லவா சோமனூர் வரை போனாள் என்று சிலேட்டில் எழுதி வீட்டுக்காரியிடம் நீட்டினேன். அவள் படித்துவிட்டு, "காசு மிச்சமாச்சுல்ல அவுங்களுக்கு" என்றாள்.

ஆறு வருஷத்தில் ஒரு கூட்டத்திலும் நான் யாரிடமும் வேண்டாம் என்று சொன்னதில்லை. இரண்டாம் தடவை கேட்கும்போதுதான் அது உறைத்தது.

ஜூலை 8

412.

ஜூலை 9

தூக்கம் இல்லை. மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்திருக்கிறேன். எழுதிவிடுகிறேன்.

போன ஐப்பசி, பால் சொசைட்டிக் கட்டடம். இருபது நிமிடம்தான் கொடுத்தார்கள். நானும் சுருக்கிவிட்டேன். 2024இல் வந்த வீட்டுக் கூரைத் திட்டம், 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம், ஒரு கிலோவாட்டுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய நாலு யூனிட், அதெல்லாம் சொன்னேன். கைதட்டினார்கள். வேனில் ஏறப் போகும்போது தலையில் துண்டு கட்டிய ஒரு பெரியவர் வந்து, "ஏனுங் சார், கரண்டு போச்சுன்னா?" என்றார். அவ்வளவுதான் கேட்டார். அடுத்த ஊருக்கு நேரமாகிவிட்டது. "மாட்ட வர்றவங்க விவரமாச் சொல்லுவாங்க" என்று கையைக் காட்டிவிட்டு ஏறிவிட்டேன்.

மாட்ட வந்தவர்களும் சொல்லவில்லை. அவர் கோழிப்பண்ணைக்காரர். சோலார்தான் வந்துவிட்டதே என்று பழைய ஜெனரேட்டரை விற்றுவிட்டார். இந்த மே மாதம் ஒரு மத்தியானம் மின்சாரம் போய் மூன்று மணி நேரம் வரவில்லை. 38 நாள் கோழி, இன்னும் நாலு நாளில் எடையாகிப் போயிருக்கும். 412 செத்துவிட்டன.

அவர் என்னைத் திட்டவில்லை. போனில் கேட்டது இது: "சார், தகட்டு மேல வெயிலு கொளுத்துது. ஃபேனு நின்னுபோச்சு. ஏனுங் சார்?"

இதற்குப் பதில் எனக்கு நன்றாகத் தெரியும். லைனோடு சேர்ந்து ஓடும் இன்வெர்ட்டர், லைனில் மின்சாரம் இல்லாவிட்டால் இரண்டு நொடிக்குள் தானும் நின்றுவிட வேண்டும். நிற்காவிட்டால் நம் கூரை மின்சாரம் கம்பியில் ஏறி, கம்பத்தில் வேலை செய்யும் ஒயர்மேனை அடித்துவிடும். அவர் உயிருக்காக வைத்த ஏற்பாடு. பேட்டரியும் அதற்கேற்ற ஹைபிரிட் இன்வெர்ட்டரும் இருந்தால், லைனைத் துண்டித்துக்கொண்டு வீட்டுக்குள் மட்டும் ஓடும். ஒரு நிமிடம் போதும் இதைச் சொல்ல. மில்லில் இருந்த காலத்தில் நூறு தடவை மற்றவர்களுக்கு விளக்கியிருக்கிறேன்.

கூட்டங்களில் நேரம் இருந்தால் இதைச் சொல்வேன், இல்லாவிட்டால் விட்டுவிடுவேன். இதைக் கேட்டால் கூட்டத்தின் உற்சாகம் குறைந்துவிடும் என்ற நினைப்பும் உள்ளே இருந்தது. அதை மறைக்க மாட்டேன். எஞ்சினியர் சொன்னார் என்றால் அதற்கு மேல் யாரிடமும் விசாரிக்காத ஊர் இது. அந்த நம்பிக்கை இருக்கும் இடத்தில்தான் நான் கையைக் காட்டிவிட்டு வேனில் ஏறியிருக்கிறேன்.

விடிந்துவிட்டது. தொண்டைக்குள் ஏதோ ஒட்டிக்கொண்டிருப்பது போலவே இருக்கிறது.

ஜூலை 11

சூலூர்ப் பொண்ணு வந்தாள். அவிநாசிப் பக்கம் விவசாயிகள் கூட்டமாம். சோலார் பம்ப் பற்றிப் பேச வேண்டும், என்ன எதிர்ப்பு வரும் என்று கேட்டாள். சிலேட்டில் "மீட்டர்" என்று எழுதினேன்.

அவளுக்கு அது புரியவில்லை. சிலேட் போதாமல் நோட்டில் எழுதினேன். என் அம்மாவின் அப்பா, அப்பிச்சி, தோட்டத்தில் ஒரு ஜோடி மாடு கட்டிக் கவலையில் கிணற்றுத் தண்ணீர் இறைத்தவர். 1932இல் நீலகிரிப் பைக்காரா நீர்மின்சாரம் வந்துதான் கோயமுத்தூரில் மில்லும் மோட்டாரும் பெருகின. கம்பி தோட்டம் வரை வந்து மோட்டார் போட்டபோது மாட்டை விற்க மனசில்லாமல் அழுதாராம். பிறகு கட்டணம் ஏறியது. 1970இல் பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் மூன்று விவசாயிகள் செத்தார்கள். 1972இல் விவசாயிகள் தலைவர் நாராயணசாமி நாயுடு கூப்பிட்டு, கோயமுத்தூர் வீதியெல்லாம் மாட்டு வண்டி நிறைந்தது. அப்பிச்சியின் வண்டியும் நின்றது, நான் அதில் உட்கார்ந்திருந்தேன். தோட்டத்து மின்சாரம் இலவசமானது இப்படி வாங்கியதுதான். அதனால் மின்சாரம் பற்றிப் பேச யார் புதிதாக வந்தாலும், பின்னாடியே கட்டணத்துக்கு மீட்டர் வருமோ என்றுதான் முதலில் பார்ப்பார்கள். அந்தப் பயத்தை லேசாக நினைக்காதே. முதலில் அவர்கள் பேசட்டும், நீ கேள்.

படித்துவிட்டு, "இதை நீங்க ஒரு மேடையிலயும் சொன்னதில்லயே சார்?" என்றாள்.

ஜூலை 12

குச்சி தீர்ந்துவிட்டது. கடைக்காரப் பையனுக்குச் சிலேட்டுக் குச்சி என்றால் என்னவென்றே தெரியவில்லை.

ஜூலை 14

பத்து நாள் முடிந்தது, ரிப்போர்ட் வரவில்லை. அந்தத் துணுக்குக்கு இன்னொரு சாயம் போட்டுப் பார்க்க வேண்டுமாம். அதுவரை பேச வேண்டாம் என்கிறார்கள். நல்லதாக இருந்தால் இரண்டாவது சாயம் எதற்கு?

மூத்தவள் பெங்களூரிலிருந்து கூப்பிட்டு, "அப்பா, ஒண்ணுமிருக்காது" என்றாள். நான் போனை ஒரு தடவை தட்டினேன். சரி என்றால் ஒரு தட்டு, இல்லை என்றால் இரண்டு. அவள் வெகு நேரம் பேசாமல் இருந்தாள், நானும் தட்டாமல் இருந்தேன்.

ஜூலை 15

அரிசிம்பருப்பு சாதம். நெய்யோடு. இரண்டு தடவை போட்டுக்கொண்டேன். விழுங்க வலிக்கவில்லை.

ஜூலை 17

ஆடி ஒன்று. வீட்டுக்காரி பவானிக்காரி, தேங்காய் சுடாமல் விடமாட்டாள். பேத்தி தேங்காயைத் தரையில் தேய்த்துத் தேய்த்து நார் எடுத்தாள். கண்ணைத் திறந்து பச்சைப்பயறு, வெல்லம், அவல், எள் போட்டு, குச்சியில் சொருகி வாசலில் தீ மூட்டினார்கள். காற்று தீயை நிற்க விடவில்லை. நான் அட்டையைப் பிடித்துக்கொண்டு மறைப்பாக நின்றேன். ஓடு வெடிக்கும் சத்தத்துக்குப் பேத்தி குதித்தாள். "அப்பிச்சி, நல்லாருக்கா?" என்று வாயில் ஊட்டினாள். வாய்வரை வந்துவிட்டது பேச்சு.

ஓடந்துறை பற்றி எழுதிக் கொடுக்க மறந்துவிட்டேன். மேட்டுப்பாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராம ஊராட்சி, 2006இல் கடன் வாங்கித் தன் பேரிலேயே 350 கிலோவாட் காற்றாலை போட்டது. தெருவிளக்குக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் போக மிச்சத்தை மின் வாரியத்துக்கு விற்றார்கள். அவிநாசிக் கூட்டத்தில் இதைச் சொல்லச் சொல்ல வேண்டும்.

ஜூலை 18

பல்லடத்துக் கோழிப்பண்ணைக்குப் போனேன். யாரிடமும் சொல்லவில்லை, மருந்து வாங்கப் போவதாகச் சிலேட்டில் எழுதி வைத்துவிட்டு பஸ் ஏறினேன்.

பெரியவர் அடையாளம் கண்டுகொண்டார். நான் தொண்டையைக் காட்டிக் கையை ஆட்டியதும், "அடடா, என்னாச்சுங் சார்" என்று கட்டிலை இழுத்துப் போட்டார். நோட்டை நீட்டினேன். கண்ணாடி இல்லாமல் படிக்க முடியவில்லை, மகனைக் கூப்பிட்டார். மகன் சத்தமாகப் படித்தான்: "அன்றைக்கு நீங்கள் கேட்டதற்கு நான் பதில் சொல்லாமல் போனது தப்பு. எனக்குப் பதில் தெரியும்." நான் எழுதியதை இன்னொருவர் குரலில் கேட்டது அதுதான் முதல் தடவை.

பெரியவர் கொஞ்ச நேரம் பண்ணையையே பார்த்துக்கொண்டிருந்தார். "மாட்டுனவனும் சொல்லுலீங்க" என்றார். அப்புறம், "வாங்க, ஷெட்டைப் பாப்பம்."

மகன் என்னிடம் பேசவே இல்லை.

ஆறு விசிறி, ஒவ்வொன்றும் அரைக் குதிரைத்திறன். பனி தெளிக்கும் மோட்டார் ஒன்று. எல்லாம் சேர்ந்து 3 கிலோவாட். மூன்று மணி நேரம் தாங்க 9 யூனிட் பேட்டரி வேண்டும், இன்வெர்ட்டரையும் மாற்ற வேண்டும். அந்தச் செலவு இவருக்கு இந்த வருஷம் தாங்காது. கணக்கை எழுதி, கடைசியில் இதை எழுதினேன்: "உடனே ஒரு பழைய டீசல் ஜெனரேட்டர் வாங்குங்கள். சோலார் மாதக் கட்டணத்தைக் குறைக்கட்டும். மின்சாரம் போனால் கோழியைக் காப்பாற்ற ஜெனரேட்டர்தான்."

இதை எழுத எனக்குக் கை வரவில்லை. ஆனால் சரியான பதில் அதுதான். மகன் தாளைக் கிழித்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

பெரியவர் காபி கொடுத்தார். சூடாகக் குடிக்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள், ஆற்றி ஆற்றிக் குடித்தேன். பஸ் ஸ்டாப் வரை கூடவே வந்தார். சோலார் இருந்தும் ஏன் நின்றது என்று மறுபடியும் கேட்டார். பஸ் வரும் வரை மண்ணில் கோடு போட்டுக் காட்டினேன். தகடு, இன்வெர்ட்டர், கம்பம், கம்பத்தில் ஒரு ஆள். "ஓ, அவனுக்காகவா" என்றார்.

ஜூலை 20

அவிநாசி. கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். பொண்ணு முதல் வாக்கியமே இன்வெர்ட்டரில் ஆரம்பித்தாள். "கரண்டு போனா இதுவும் நின்னு போகும், அதைச் சொல்லிட்டு மத்ததைச் சொல்றேனுங்க." இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்கள். மற்றவர்கள் இருந்தார்கள். மீட்டர் பேச்சும் வந்தது, முக்கால் மணி நேரம் அவர்களே பேசினார்கள். ஓடந்துறைக்கு நேரம் இல்லை.

ஜூலை 21

ரிப்போர்ட் வந்துவிட்டதாம். போனில் சொல்ல மாட்டார்களாம், நாளைக்குப் பதினோரு மணிக்கு இரண்டு பேராக வரச் சொல்கிறார்கள். மூத்தவள் ராத்திரி ரயிலுக்குக் கிளம்பிவிட்டாள்.

பல்லடத்திலிருந்து மகன் கூப்பிட்டானாம், வீட்டுக்காரி எடுத்திருக்கிறாள். 7.5 கேவிஏ ஜெனரேட்டர் ஒன்று விலைக்கு வருகிறதாம், வாங்கலாமா என்று கேட்டானாம். விசிறி கிளம்பும்போது இழுக்கும் ஆம்பியரை அளக்காமல் சொல்ல முடியாது. கிளாம்ப் மீட்டர் பொண்ணிடம் இருக்கிறது, அவளுக்கு