நெப்ராஸ்கா: தூக்கம்

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வீடியோ கால்ல மாமா எக்செல் ஷீட்டைத் திறந்து காட்டினார். மாமா ஷீட்டைப் பத்திச் சொல்லவே வேண்டாம், பாத்ரூம் போற அஞ்சு நிமிஷத்துக்குக்கூடத் தனிக் கலர். ஜூலையில சிகாகோலேர்ந்து டென்வர், ஆயிரம் மைல், ரெண்டு டிரைவர், ஒரே ஓட்டம். எல்லாம் சரி. பதினாலாவது வரியில: "நெப்ராஸ்கா: தூக்கம்."

ஐ-80 நெடுஞ்சாலை அந்த மாநிலத்துக்குள்ள மட்டும் 455 மைல் ஓடுது. அதுக்கு எதிர்ல ஒரே ஒரு வார்த்தை.

மாமா பக்கமும் கொஞ்சம் நியாயம் உண்டு. லிங்கன் தாண்டினா கிராண்ட் ஐலண்ட் வரைக்கும் 72 மைல், அடிஸ்கேல் வெச்சுக் கோடு போட்ட மாதிரி ரோடு. ரெண்டு பக்கமும் சோளம். ஸ்டீயரிங்கை யாராவது கழட்டிட்டுப் போனாக்கூட அரைமணி கழிச்சுத்தான் தெரியும். ஆனா அதைப் பார்த்துட்டு மாநிலமே அவ்வளவுதான்னு முடிவு கட்டறது, திண்டிவனம் பைபாஸைப் பார்த்துட்டுத் தமிழ்நாட்டுல ஒண்ணுமே இல்லைன்னு சொல்ற கதை.

செய்ய வேண்டியது இதுதான்: கிராண்ட் ஐலண்ட்ல ஐ-80யை விட்டு இறங்கி நெடுஞ்சாலை 2ஐப் பிடிக்கணும். அலையன்ஸ் வரைக்கும் 272 மைல். ப்ரோக்கன் போ தாண்டிக் கொஞ்ச தூரத்துல சோளம் காணாமப் போயிடும், சேண்ட்ஹில்ஸ் ஆரம்பம். பார்க்கப் புல்வெளி, காலால சுரண்டினா சுத்த மணல். மேற்கு அரைக்கோளத்துலயே பெரிய மணல்மேட்டுப் பரப்பு அது. புல் வேர் இறுக்கிப் பிடிச்சிருக்கறதால நகராம நிக்குது. அடியில ஒகல்லாலா நிலத்தடி நீர், அதனால மேட்டுக்கும் மேட்டுக்கும் நடுவுல ஏரி. பாலைவனத்துக்குப் புல்லுச் சட்டை மாட்டி, பாக்கெட்ல தண்ணியையும் ஊத்தி அனுப்பின மாதிரி.

"எவ்வளவு மைல் கூட ஆகும்?"னார் மாமா. நூறு மைலுக்கு மேல. மாமா கண்ணாடியைக் கழட்டினார். அவர் கண்ணாடியைக் கழட்டினா என்ன அர்த்தம்னு அத்தைக்குத் தெரியும். ம்யூட்ல போட்டுட்டாங்க.

இந்த ரூட்ல கேஸ் கணக்குதான் முதல்ல, அதாவது பெட்ரோல். பாதி டேங்க் இருக்கேன்னு முல்லனைத் தாண்டக் கூடாது. அங்கேர்ந்து அலையன்ஸ் நூறு மைலுக்குப் பக்கம். வழியில இருக்கற ஊர் எல்லாம் கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள முடிஞ்சுடும், பங்க் இருந்தாலும் திறந்திருக்கும்னு சத்தியம் பண்ண முடியாது. ப்ரோக்கன் போல ஃபுல், முல்லன்ல மறுபடி ஃபுல். ரெண்டாவது, சோளச் சீமைங்கறதால எத்தனால் எல்லா இடத்துலயும் கிடைக்கும். ஈ85னு ஒரு பம்ப் இருக்கும், பெட்ரோல் கொஞ்சம், எத்தனால்தான் ஜாஸ்தி. பெரும்பாலும் மஞ்சள் கைப்பிடி, விலையும் கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கும். கூப்பன் குடும்பம் நேரா அங்கதான் போய் நிக்கும். மாமாவோட வேன் ஃப்ளெக்ஸ் ஃப்யூயல் கிடையாது, அவ்வளவு எத்தனாலைத் தாங்கற வண்டி இல்ல. அதுல ஈ85 ஊத்தினா இன்ஜின் திணறும், செக் இன்ஜின் விளக்கு எரியும், எரிஞ்சா அணைக்க மெக்கானிக் எத்தனை மைல் தள்ளி இருப்பார்னு யோசிச்சுக்கோங்க. கொலராடோ போனதும் 85 ஆக்டேன்னு ஒரு பெட்ரோல் ரகம் வரும். அது வேற 85. தம்பி அதுக்கும் சேர்த்து ஷீட்ல ஒரு குறிப்பு போட்டான். சிவப்புக் கலர்.

அப்புறம் மேப். சிக்னல் இருக்கும்போதே ஆஃப்லைன்ல இறக்கி வெச்சுக்கணும், நடுவுல மணிக்கணக்கா சிக்னல் இருக்காது. "12 நிமிஷம் மிச்சம்"னு மேப் ஒரு குறுக்கு வழி காட்டினா, திரும்பிக்கூடப் பார்க்காதீங்க. அந்த வழி ஒரு வண்டி மட்டும் போற தார்ரோடா ஆரம்பிக்கும், நடுவுல இரும்புக் கம்பி பதிச்ச பள்ளம் வரும். மாடு தாண்டாம இருக்க வெச்சது, அந்த ஊர்ல அதுக்கு ஆட்டோகேட்னு பேரு. அதுவரைக்கும் ஜாலியா இருக்கும். அதுக்கப்புறம் தார் தீர்ந்துடும், மணல். முன்சக்கரம் சிக்கினதும் ஆக்ஸிலேட்டரை மிதிச்சா வண்டி தனக்குத் தானே குழி வெட்டிக்கும். மிதிக்காம இறங்கி, சக்கரத்துக்கு முன்னாடி மணலைத் தள்ளிட்டு, ஃப்ளோர் மேட்டைச் சொருகி மெதுவா நகர்த்தணும். காஞ்ச புல்லு மேல சூடான வண்டியை நிறுத்தவே கூடாது, அடியில சைலன்சர் சூட்டுலயே தீப்பிடிக்கும். வேலிக் கதவு திறந்திருந்தா திறந்தபடியே விடணும், மூடியிருந்தா மூடிட்டுத்தான் வரணும். நம்ம வீட்டு ஃபிரிட்ஜ் கதவுக்கே இந்த விதி அமலுக்கு வரலைங்கறது வேற விஷயம்.

எதிர்ல வர்ற பிக்கப் டிரைவர் ஸ்டீயரிங்லேர்ந்து ஒத்தை விரலைத் தூக்குவார். போலீஸ் நிக்குதுன்னு சொல்றாரா, டயர் பஞ்சரான்னு பதற வேண்டாம். அது வணக்கம். பதிலுக்கு நாமும் தூக்கணும். ஆள்காட்டி விரல். இதை மாமாகிட்ட ரெண்டு தடவை சொல்லியாச்சு.

சாப்பாட்டுக்கு கிராண்ட் ஐலண்ட்லயே கூலரை நிரப்பிடணும். பெரியம்மாவுக்கு ஒரு தனி எச்சரிக்கை. அந்த ஊர்ல ரன்ஸான்னு ஒரு பன் பிரசித்தம். "உள்ள முட்டைக்கோஸும் வெங்காயமும்"னு சொல்வாங்க. நிஜந்தான். மூணாவதா மாட்டிறைச்சியும் இருக்கு.

"கொக்கு பார்க்கலாமா?"ன்னு கேட்டாங்க பெரியம்மா. லட்சக்கணக்குல சேண்ட்ஹில் கொக்கு பிளாட் ஆத்துல இறங்கறது மார்ச்ல. ஜூலையில ஒண்ணு மிச்சம் இருக்காது. "கொக்குகூட அங்க தங்கல பாரு"ன்னார் மாமா, வெற்றிப் புன்னகையோட.

ஆளை மடக்கினது கார்ஹெஞ்ச். அலையன்ஸ் ஊருக்கு வெளியில, இங்கிலாந்துல இருக்கற பழங்காலக் கல்வட்டம் ஸ்டோன்ஹெஞ்ச் மாதிரியே 39 பழைய காரைச் சாம்பல் பெயின்ட் அடிச்சு நட்டு வெச்சிருக்காங்க. டிக்கெட் கிடையாது. 1987ல ஜிம் ரெயின்டர்ஸ்ங்கறவர் தன் அப்பா ஞாபகமா சொந்தக்காரங்களைச் சேர்த்துக்கிட்டு கட்டினது. அத்தை ம்யூட்லேர்ந்து வெளிய வந்தாங்க. "ஒரு குடும்பம் கூடி 39 காரை நட்டிருக்கு. இங்க ஒரு வேன்ல யார் முன்சீட்டுன்னு மூணு வாரமா முடிவாகல."

அப்புறம்தான் மாமாவுக்கு நேர மண்டலம் தெரிஞ்சுது. தெட்ஃபோர்டுக்கும் முல்லனுக்கும் நடுவுல சென்ட்ரல் முடிஞ்சு மவுன்டன் டைம் வருது, கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னாடி போகும். ஐ-80ல போனாலும் ஒகல்லாலாங்கற ஊருக்கு முன்னாடி அதே ஒரு மணி கிடைக்கும்னு யாரும் சொல்லல. "சும்மா ஒரு மணி நேரமா?"ன்னு மாமா கண்ணாடியை மறுபடி மாட்டிக்கிட்டார்.

திங்கட்கிழமை காலையில புது ஷீட் வந்துது. நெப்ராஸ்காவுக்கு இருபத்தொரு வரி. கேஸ், ஃப்ளோர் மேட், விரல், ரன்ஸா எல்லாத்துக்கும் தனித்தனிக் கலர். நல்லாத்தான் இருந்துது. ஒன்பதாவது வரி மட்டும் புதுசு, நெப்ராஸ்காவுக்கு முன்னாடி வர்ற மாநிலம்.

"அயோவா: தூக்கம். (முல்லன்ல கிடைக்கற ஒரு மணி நேரம் சேர்த்து.)"