ஆர்க்டிக் கொள்கை வரைவுக்குக் காவேரிப்பட்டணம் பக்கத்திலிருந்து கருத்து அனுப்பியது

2021 ஜனவரி 19. பத்து மாதம் மூடிக் கிடந்த பள்ளிக்கூடத்தை பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் மட்டும் திறந்தார்கள். அறைக்கு 25 பேர். கிருஷ்ணகிரி மாவட்டத்தில், காவேரிப்பட்டணம் பக்கத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் நான் புவியியல் ஆசிரியை. புத்தகத்தைத் திறப்பதற்குள் ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "பொங்கலுக்கு எதுக்கு டீச்சர் இந்த மழை? எங்க தோப்புல மாம்பூ பாதி கருகிப் போச்சு."

அந்த ஜனவரியில் தமிழ்நாடு முழுக்கக் காலம் தப்பிய மழை. டெல்டாவில் அறுவடைக்கு நின்ற நெல் சாய்ந்துவிட்டது. எங்கள் பக்கம் அது பெங்களூரா மாமரங்கள் பூத்து நிற்கும் நேரம். பூவில் ஈரம் தங்கினால் பிஞ்சு பிடிக்காது. அந்த வருடக் கடனை அடைக்க முடியாது.

பொங்கல் விடுமுறையில் செய்தித்தாளில் கத்தரித்து வைத்த துணுக்கு ஒன்று என் பையில் இருந்தது. வடதுருவத்தைச் சுற்றியுள்ள ஆர்க்டிக் பகுதி பற்றிய இந்தியாவின் கொள்கைக்கான வரைவைப் புவி அறிவியல் அமைச்சகம் வெளியிட்டிருக்கிறது, ஜனவரி 26 வரை பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம் என்ற செய்தி. இருந்தது ஒரே வாரம். "நாம எழுதலாமா?" என்றேன். ஆறு பேர் கை தூக்கினார்கள்.

எனக்குக் கிடைத்தது ஆங்கில வரைவு. மதியச் சாப்பாடு முடிந்ததும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து ஒரு நாளைக்கு நான்கைந்து பக்கம் படித்தோம். நான் வாய்மொழியாகத் தமிழில் சொல்வேன், ஒருவன் நோட்டில் எழுதிக்கொள்வான். 1920-இலேயே, ஆர்க்டிக்கில் உள்ள நார்வே தீவுகளைப் பற்றிய ஸ்வால்பார்டு ஒப்பந்தத்தில் இந்தியாவும் சேர்ந்துவிட்டது என்று வந்தபோது, "வெள்ளைக்காரன் காலத்துலயா?" என்று பிள்ளைகளுக்கு ஆச்சரியம். நார்வேயின் நி-ஓலெசுண்டில், வடதுருவத்துக்கு ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர் தள்ளி, 2008 முதல் நம் ஆய்வு நிலையம் ஹிமாத்ரி இருக்கிறது. 2014-இல் அங்குள்ள கோங்ஸ்ஃபியோர்டன் கடலடியில் இன்டார்க் என்ற அளவீட்டுக் கருவித் தொகுதியை இறக்கினார்கள். ஆர்க்டிக்கை ஒட்டிய நாடுகளின் கூட்டமைப்பான ஆர்க்டிக் கவுன்சிலில் 2013 முதல் நமக்குப் பார்வையாளர் இடம். பாடப்புத்தகத்தில் வெள்ளையாக விட்டிருந்த வரைபடத்தின் உச்சியில் நம் ஆட்கள் வேலை செய்கிறார்கள் என்பதே எங்களுக்குப் புதுச் செய்தி.

வரைவு ஐந்து தூண்களின் மேல் நின்றது: அறிவியல் ஆராய்ச்சி, பொருளாதாரமும் மனித மேம்பாடும், போக்குவரத்து, நிர்வாகமும் பன்னாட்டு ஒத்துழைப்பும், உள்நாட்டுத் திறன் வளர்ப்பு. சுற்றுச்சூழலைப் பற்றிப் பேச்சு இருந்தது, ஆனால் அதற்கென்று தனித் தூண் இல்லை. முந்தைய செப்டம்பரில்தான் ஆர்க்டிக் கடல் பனிப்பரப்பு, செயற்கைக்கோள் பதிவுகள் தொடங்கியதிலிருந்து இரண்டாவது மிகக் குறைந்த அளவுக்குச் சுருங்கியிருந்தது. 2012 மட்டும்தான் அதைவிட மோசம். பனி விலகினால் புதுக் கப்பல் வழி, எண்ணெய், எரிவாயு, கனிமம் என்று எல்லா நாடுகளும் கணக்குப் போடும் நேரம் அது.

எங்களை நிறுத்திய சொல் ஒன்று இருந்தது. அங்குள்ள இயற்கை வளங்களைப் "பொறுப்புடன்" தேடி எடுப்பது என்ற பொருளில் வந்த வரி. பர்கூர் பக்கத்திலிருந்து வரும் பையன் தலை நிமிராமலே சொன்னான்: "எங்க ஊர்ப் பாறைய அறுக்கும்போதும் இதையேதான் டீச்சர் சொன்னாங்க." அவன் சின்ன வயதில் ஏறி விளையாடிய குன்று இருந்த இடத்தில் இன்று தண்ணீர் தேங்கிய கிரானைட் பள்ளம். அன்று அதற்கு மேல் படிக்க முடியவில்லை. ஆர்க்டிக்கில் சாமி, இன்யூட் போன்ற பூர்வகுடிகள் இருக்கிறார்கள், ஆர்க்டிக் கவுன்சிலில் அவர்களுடைய ஆறு அமைப்புகளுக்கு நிரந்தரப் பங்கேற்பாளர் இடம் உண்டு என்று விளக்கினேன். "அப்போ அவங்க வேணாம்னா நாம தோண்டக் கூடாதுன்னு எழுதலாம்ல?" என்றான். எழுதினோம்.

முதலில் எழுதிய கடிதம் கோபமும் கண்ணீருமாக நான்கு பக்கம். ஆர்க்டிக் பனி உருகுவதால் எங்கள் மாம்பூ கருகுகிறது என்று தொடங்கியது. என்னிடம் படித்து, இப்போது வானிலை ஆய்வில் இருக்கும் பழைய மாணவிக்கு அதை அனுப்பினேன். இரவு பத்து மணிக்கு போன் செய்தாள். "டீச்சர், முதல் வரிய எடுத்துடுங்க. இந்த மழைக்கும் அந்தப் பனிக்கும் நேர்க்கோடு போட ஆதாரம் இல்ல. ஆதாரம் இல்லாத ஒரு வரி இருந்தா, நல்லா இருக்கிற மத்த வரியயும் சேர்த்து ஒதுக்கிடுவாங்க. அப்புறம், குறைய மட்டும் சொல்லாதீங்க. எந்தப் பக்கம், எந்தப் பத்தி, எந்தச் சொல், அதுக்குப் பதிலா எந்தச் சொல்லுன்னு எழுதுங்க."

அவள் சொன்னது சரி. ஆனாலும் அந்த முதல் வரியை அடிக்க எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பிள்ளையின் வீட்டுக் கஷ்டம் முழுக்க அதில்தான் இருந்தது. கடைசியில் அதைக் கோரிக்கையாக மாற்றினோம்: ஆர்க்டிக் மாற்றத்துக்கும் இந்திய மழைக்கும் என்ன தொடர்பு என்பதை ஆய்வின் முதன்மை வேலையாக வையுங்கள், கண்டதை மாநில மொழிகளில் விவசாயிக்குச் சொல்லுங்கள்.

இரண்டாவது பாதிக்கு எங்கள் ஊரிலேயே காரணம் உண்டு. கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டு மாவட்டத்திலும் நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு உப்பு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருவதற்குப் பல ஆண்டு முன்பே பாட்டிலில் எங்கள் கிணற்றுத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு போனவர்கள் உண்டு. முடிவு என்ன என்று எங்கள் தெருவுக்கு யாரும் வந்து சொல்லவில்லை. என் தங்கையின் பல்லில் பழுப்புக் கறை ஏறிய பிறகுதான் காரணம் தெரிந்தது. அளந்தவர்கள் அளந்ததைத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்ற பத்தியை நானே என் கையால் எழுதினேன்.

மொழிபெயர்ப்பும் கால நீட்டிப்பும் கேட்டோம். முந்தைய ஜூனில் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவை அரசியல் சட்டத்தின் எட்டாம் அட்டவணையில் உள்ள மொழிகளில் வெளியிடச் சொல்லி டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது, அதைச் சுட்டிக்காட்டினோம். சுற்றுச்சூழலுக்குத் தனித் தூண் வேண்டும் என்பதை முதல் கோரிக்கையாக வைத்தோம். நான்கு பக்கம் ஒன்றரைப் பக்கமாகச் சுருங்கியது. தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று. 25-ஆம் தேதி மாலை ஒரு மாணவியின் போனிலிருந்து மின்னஞ்சல் போனது. கீழே ஏழு கையெழுத்து.

2022 மார்ச் 17-இல் இறுதிக் கொள்கை வெளியானது. அந்தப் பிள்ளைகள் அப்போது கல்லூரியில். இரண்டு ஆவணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். தூண்கள் ஆறாகியிருந்தன, காலநிலையும் சுற்றுச்சூழல் பாதுகாப்பும் தனித் தூண். எங்கள் கடிதத்தால் வந்தது என்று சொல்ல மாட்டேன். நாங்கள் கேட்டது அதில் இருந்தது, அவ்வளவுதான். "பொறுப்புடன்" அப்படியே இருந்தது. பர்கூர்ப் பையனுக்கு இரண்டையும் அனுப்பினேன். ஆறாவது தூணைப் பற்றி ஒன்றும் எழுதாமல், அந்தச் சொல்லை மட்டும் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினான்.

2024 நவம்பர் கடைசியில் கரை கடந்த ஃபெஞ்சல் புயல் டிசம்பர் தொடக்கத்தில் வலுவிழந்து உள்ளே வந்தபோது எங்கள் மாவட்டத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் பெய்தது. பேருந்து நிலையத்தருகே நின்ற வண்டிகளை வெள்ளம் இழுத்துப் போனது. மாந்தோப்புக்காரப் பெண் மறுநாள் காலை கூப்பிட்டாள். "இப்பவாவது எழுதலாமா டீச்சர், அந்த முதல் வரிய?"

"இன்னும் இல்லம்மா" என்றேன். "உங்க தோப்புல எவ்வளவு பெஞ்சுது?"

அவளிடம் கணக்கு இல்லை. அந்த வாரமே ஒரு மழைமானி வாங்கிக் கிணற்று மேட்டில் நட்டாள். தினமும் காலை எட்டரைக்கு அளந்து எனக்கு அனுப்புகிறாள், மழை இல்லாத நாளில் பூஜ்யம் என்று.