கரூர்க்காரனிடம் கரூரைப் பற்றிக் கேட்டார்கள்

பொதுத்துறை வங்கிகளின் அலுவலர் பணிக்காக ஐ.பி.பி.எஸ். நடத்தும் தேர்வில், நேர்முகத் தேர்வு வரை நான் இரண்டு முறை சென்றேன். முதல் முறை 100க்கு 38 மதிப்பெண் கிடைத்தது. இதர பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்குத் தகுதி மதிப்பெண் 35 என்பதால் தேர்ச்சி என்னவோ பெற்றுவிட்டேன். ஆனால் முதன்மைத் தேர்வுக்கு 80, நேர்முகத்துக்கு 20 என்ற விகிதத்தில் கூட்டித்தான் இறுதிப் பட்டியல் தயாராகிறது என்பதால், அந்த 38 என்னைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்திவிட்டது.

பயிற்சி மையத்தில் எழுதிக் கொடுத்த ஆங்கில அறிமுக உரையை மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். காத்திருந்த இடத்தில் பக்கத்து நாற்காலிக்காரர் அதே வரிகளை முணுமுணுத்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உள்ளே, என் இரண்டாவது வாக்கியத்திலேயே குழுத் தலைவர் குறுக்கிட்டு, கரூரில் தோன்றிய வங்கிகள் எவை என்று கேட்டார். கரூர் வைஸ்யா, லட்சுமி விலாஸ் என்று உடனே சொன்னேன். லட்சுமி விலாஸ் வங்கி இப்போது எங்கே என்று அடுத்துக் கேட்டதும், ஏதோ ஒரு வங்கியுடன் இணைந்தது என்ற மங்கலான நினைவை நம்பி, இந்தியன் வங்கி என்றேன். அதனுடன் இணைந்தது அலகாபாத் வங்கி. 1926இல் எங்கள் ஊரில் தொடங்கிய வங்கியோ, 2020 நவம்பர் 17 அன்று முடக்கப்பட்டு, 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்ற நிலைக்கு வந்து, அதே மாதம் 27ஆம் தேதி டி.பி.எஸ். வங்கியின் இந்தியப் பிரிவுடன் இணைக்கப்பட்டது. அந்த நாட்களில் என் பெரியப்பா பணம் எடுக்க வரிசையில் நின்றவர். அவரிடம் ஒரு மாலைப் பொழுது உட்கார்ந்து பேசியிருந்தாலே அந்தக் கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்லியிருப்பேன்.

தடுமாறியதை மறைக்க முயன்றது அடுத்த தவறு. ரொக்க இருப்பு விகிதத்தின்படி, அதாவது வைப்புத்தொகையில் இவ்வளவு பங்கு என்று, வங்கிகள் ரிசர்வ் வங்கியிடம் வைக்கும் தொகைக்கு வட்டி உண்டா என்று மற்றொருவர் கேட்டார். உண்டு என்றேன். எவ்வளவு என்றார். 4 சதவீதம் என்றேன், கொஞ்சமும் கூசாமல். அதற்கு வட்டியே கிடையாது. ஊகித்துச் சொன்ன ஒரு பதில் மேலும் நான்கு கேள்விகளை இழுத்து வந்தது. கடைசியில் அவர்களுக்கே அலுத்துவிட்டது.

சான்றிதழில் மட்டும் அந்த முறை தப்பித்தேன். தமிழக அரசின் சாதிச் சான்றிதழே போதும் என்று நம்மில் பலரும் நினைக்கிறோம். மத்திய அரசுப் படிவத்தில், வளமான பிரிவினர் (கிரீமி லேயர்) அல்லர் என்ற குறிப்புடன், உரிய காலத்துக்குள் பெற்ற ஓ.பி.சி. சான்றிதழைத்தான் அங்கே கேட்பார்கள். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, கடைசி வாரத்தில்தான் அது என் கைக்கு வந்தது.

மறு ஆண்டு அறிமுக உரையைத் தூக்கி எறிந்துவிட்டு, எங்கள் ஊரில் பேருந்துக் கூண்டு கட்டும் பட்டறை ஒன்றுக்குப் போய், சேசிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) வந்து சேர்வதிலிருந்து வண்டி வெளியேறும் வரை பணம் எங்கெங்கே முடங்குகிறது என்று கேட்டறிந்தேன். பொறியியல் படித்தவர் வங்கிக்கு ஏன் வருகிறீர்கள் என்ற கேள்விக்கு முதல் முறை சேவை மனப்பான்மை என்று பூசி மெழுகியிருந்தேன். இம்முறை, வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதி நிறுவனத்தில் வேலை பார்த்தபோது பில்களோடு வங்கிக்கு அலைந்ததையும், அங்கே கடன் பிரிவு அதிகாரி கணக்குகளைப் பிரித்துப் பார்த்த விதம் என்னை ஈர்த்ததையும் சொன்னேன். பட்டறைக்கு நடைமுறை மூலதனக் கடன், அதாவது அன்றாடச் செலவுகளுக்கான கடன், கொடுப்பதாக இருந்தால் எதையெல்லாம் பார்ப்பீர்கள் என்று பேச்சு வளர்ந்தது. கையிலுள்ள ஆர்டர்கள், வாங்கிய முன்பணம், வரவேண்டிய பாக்கி என்று பட்டறையில் கேட்டதையே அடுக்கினேன்.

இடையில், அடமானச் சொத்தைப் பதிவு செய்யும் முறை பற்றி ஒரு நுணுக்கமான கேள்வி வந்தது. தெரியவில்லை, மேடம் என்றேன். அவர் தலையசைத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். அந்த முறை எனக்குக் கிடைத்தது 64.