எம்மாவுக்காக எழுதியவை

ஜூன் 8

பிரெஞ்சு இசையமைப்பாளர் ஃபோரேயின் 'லா போன் ஷான்சோன்' என்ற பாடல் தொகுப்பு மறுபடியும் என்னைப் பிடித்துக்கொண்டது. குரல், பியானோ, நால்வர் தந்திக் குழு, அடியில் ஒரு டபுள் பாஸ். ஒன்பது பாடல்களும் பிரெஞ்சுக் கவிஞர் வெர்லேனின் கவிதைகள். மாத்தில்து என்ற இளம்பெண்ணை மணக்கப்போகும் பூரிப்பில் எழுதியவை. 1870இல் கல்யாணம் நடந்தது. மறு ஆண்டு ரெம்போ என்ற இளம் கவிஞர் பாரிஸுக்கு வந்தார். 1872இல் வெர்லேன் மனைவியையும் கைக்குழந்தையையும் விட்டுவிட்டு அவரோடு கிளம்பிப் போனார். 1873இல் பிரஸ்ஸல்ஸில் அதே ரெம்போவைச் சுட்டுவிட்டுச் சிறைக்கும் போனார். இவ்வளவும் தெரிந்திருந்தும் இந்தக் கவிதைகளின் மகிழ்ச்சியை என்னால் சந்தேகிக்க முடிவதில்லை.

ஜூன் 9

இருபது ஆண்டுகள் கழித்து அந்தக் கவிதைகளை ஃபோரே கையில் எடுத்ததற்குக் காரணம் எம்மா பர்தாக். வங்கியாளர் ஒருவரின் மனைவி, நல்ல பாடகி. ஃபோரேவுக்கும் மனைவி, மக்கள் இருந்தார்கள். 1892, 1893 கோடைகளில், பாரிஸுக்கு அருகிலுள்ள பூஜிவாலில் எழுதியதை எழுதிய சூட்டிலேயே எம்மாவிடம் பாடக் கொடுப்பாராம். சரியில்லை என்று அவர் திருப்பி அனுப்பியதும் உண்டாம். காதலி என்பதோடு, முதல் விமர்சகரும் அவர்தான்.

ஆறாம் பாடலை இன்று கவனித்துக் கேட்டேன். மறையப்போகும் விடிவெள்ளியைப் பார்த்துப் பேசும் கவிதை. வெள்ளியிடம் பேசும் வரிகள் நிதானமாக நகர்கின்றன. இடையிடையே, தைம் என்ற மூலிகைச் செடிகளுக்குள் ஆயிரம் காடைகள் பாடுகின்றன என்பது போன்ற வரிகள் வரும்போது வேகம் சட்டென்று மாறுகிறது. கடைசியில் 'சீக்கிரம், இதோ பொன் சூரியன்' என்ற இடத்தில் அந்த நிதானம் முழுவதும் உடைந்துபோகிறது. தூங்கும் காதலியின் கனவுக்குள் தன் நினைவை அனுப்பத் துடிக்கிறவனின் அவசரம் அது. இதைவிட நுட்பமாக ஒரு கவிதையை வாசித்துக் காட்ட முடியாது.

ஜூன் 12

இசையமைப்பாளர் சேன்-சான்ஸுக்கு இந்தப் பாடல்கள் பிடிக்கவில்லை. பின்னாளில் நாவலாசிரியரான இளைஞர் ப்ரூஸ்ட் கொண்டாடினார். 1898இல் தந்திக் கருவிகளைச் சேர்த்த ஃபோரேவே பிறகு பியானோ மட்டும் போதும் என்று நினைத்தார். நான் அவரோடு உடன்படமாட்டேன். தந்திகள் சேரும்போது குரல் தனியாக நிற்பதில்லை. அதைச் சுற்றி மூச்சுவிடும் ஆட்கள் வந்துவிடுகிறார்கள்.

ஜூன் 15

எம்மாவின் கதை ஃபோரேவோடு முடியவில்லை. 1904இல் இசையமைப்பாளர் டெபுஸி தன் மனைவி லில்லியைப் பிரிந்து எம்மாவோடு சேர்ந்தார். கைவிடப்பட்ட லில்லி தன்னையே சுட்டுக்கொண்டு உயிர் பிழைத்தார். இந்தக் காதலைப் பேசும்போது லில்லியின் பெயரை விட்டுவிடுவது நியாயமில்லை.

முதல் உலகப் போர்க்காலத்தில், நோயோடு, ஆறு சொனாட்டாக்கள் (ஓரிரு கருவிகளுக்கோ சிறு குழுவுக்கோ எழுதும் இசைப் படைப்புகள்) எழுதத் திட்டமிட்ட டெபுஸி மூன்றைத்தான் முடித்தார். மூன்றும் எம்மாவுக்கே சமர்ப்பணம். 1917 மே மாதம் வயலின் சொனாட்டாவை டெபுஸியோடு முதன்முதலில் வாசித்தவர் வயலின் கலைஞர் காஸ்தோன் பூலே. முந்தைய ஆண்டு ப்ரூஸ்ட் தன் வீட்டுக்கே வரவழைத்து இசையமைப்பாளர் ஃப்ராங்கின் நால்வர் தந்திக் குழு இசையை வாசிக்கக் கேட்டது இதே பூலேயின் குழுவைத்தான். அந்தக் காலப் பாரிஸில் இசையும் நாவலும் ஒரே வயலின்காரரைப் பகிர்ந்துகொண்டிருக்கின்றன.

மூன்றிலும் எனக்கு மிகவும் நெருக்கமானது புல்லாங்குழல், வியோலா, ஹார்ப் மூன்றுக்குமான சொனாட்டா. இதைக் கேட்டுச் சிரிப்பதா, அழுவதா என்று தனக்கே தெரியவில்லை, ஒருவேளை இரண்டும்தானோ என்று டெபுஸி நண்பருக்கு எழுதினார். எனக்கு அழுகைதான் முதலில் வருகிறது.